அணைக்கு ‘எக்ஸ்பயரி டேட்’ உண்டா?

கேள்வி: ஓர் அணையின் ஆயுள் 50 ஆண்டுதான் என்கிறார்கள். அப்படியானால் 130 ஆண்டைத் தொட்ட முல்லைப் பெரியாறு எப்படி நிற்கிறது? அந்தத் தண்ணீரை நம்பியிருக்கும் மதுரைக்காரர்களுக்குப் பயமே இல்லையா?

எங்களுக்கு மேலூர்ப் பக்கம். வைகை அணையில் திறந்த தண்ணீர் பேரணைக்கு வந்து, கள்ளந்திரி தாண்டி எங்கள் கண்மாய்க்குள் விழுந்தால்தான் நாற்றங்காலில் விதை போடுவோம். அந்த வைகைக்கே உயிர் கொடுப்பது தேக்கடிச் சுரங்கம் வழியாக மலையைத் தாண்டி வரும் பெரியாற்றுத் தண்ணீர். ஆகவே என்னை நடுநிலையாளன் என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

முதலில் அந்த 50 ஆண்டுக் கணக்கு. அணைக்குத் திட்டம் போடும்போதே, எத்தனை வருசத்தில் எவ்வளவு வண்டல் சேரும், அதுவரை போட்ட காசுக்குப் பலன் கிடைக்குமா என்று கணக்குப் பார்ப்பார்கள். 50, 100 என்ற எண்கள் வருவது அங்கேதான். 51-ஆவது வருசம் சுவர் விழுந்துவிடும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது. மாத்திரை அட்டையில் தேதி அச்சடிப்பது போல அணையில் அடிக்க முடியாது.

வயசுதான் பிரச்சினை என்பவர்களுக்கு நான் சொல்வது மோர்பி கதை. 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு-2 அணை உடைந்து, மோர்பி ஊருக்குள் வெள்ளம் புகுந்து ஆயிரக்கணக்கில் சனம் செத்தது. அந்தச் செய்தி கிளப்பிய பீதியில்தான் இங்கே பெரியாற்றின் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். உடைந்த அந்த மச்சு அணையைக் கட்டி முடித்தது 1972-இல். வயசு ஏழு! வந்த வெள்ளத்துக்கு மதகுகள் போதவில்லை. தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்து, மண்ணை அரித்துக்கொண்டு போய்விட்டது.

பெரியாறு 1895-இல் முடிந்தது. சுண்ணாம்போடு, சுட்ட செங்கல்லைப் பொடித்த சுர்க்கி கலந்து கட்டிய எடை அணை. தன் பாரத்தாலேயே தண்ணீரைத் தடுத்து நிற்பது. 1979-க்குப் பிறகு அதில் மூன்று வேலை நடந்தது. உச்சியில் கான்கிரீட் தொப்பி போட்டுப் பாரத்தைக் கூட்டினார்கள். மேலிருந்து துளை போட்டு, இரும்பு வடங்களை அடிப்பாறைவரை இறக்கி இழுத்துக் கட்டினார்கள். பின்பக்கம் கான்கிரீட்டால் முட்டுக் கொடுத்தார்கள். உபரிநீர் மதகுகளும் பத்திலிருந்து பதின்மூன்றாயின. நீதிபதி ஆனந்த் தலைமையிலான குழு எல்லாவற்றையும் ஆராய்ந்து, அணை பலமாக இருக்கிறது என்று 2012-இல் அறிக்கை கொடுத்தது. 2014 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 142 அடிவரை தேக்கலாம் என்றது. ஆக, 1895-இல் இருந்த அணையும் இன்று நிற்பதும் ஒன்றில்லை.

இதைச் சொன்னால் எங்கள் ஊர் டீக்கடையில் உடனே ஒருவர் ‘கல்லணை ரெண்டாயிரம் வருசமா நிக்கலையாப்பா?’ என்பார். எனக்கு எரிச்சலாக வரும். கல்லணை ஆற்றைத் திருப்பி விடுகிற தாழ்வான அணைக்கட்டு. மலைக்கு நடுவே நூற்றைம்பது அடிக்குத் தண்ணீரைக் கட்டி வைப்பது வேறு சமாச்சாரம். இந்த மாதிரி வாதம் நம் பக்கத்தைப் பலவீனப்படுத்தத்தான் செய்யும். கேரளத்து வண்டிப்பெரியாற்றில் அணைக்குக் கீழே குடியிருப்பவன் ராத்திரி மழைக்குப் பயப்படுவதும் நடிப்பில்லை.

சரி, பழைய அணையில் எதைத்தான் பார்க்க வேண்டும்? என்னைக் கேட்டால் முதலில் மதகைப் பார்க்கச் சொல்வேன். சமீபத்தில் நம் பக்கம் நடந்ததையெல்லாம் எடுத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. 2022 செப்டம்பரில் பரம்பிக்குளத்தில் ஒரு ஷட்டர் போனது. 2024 ஆகஸ்டில் துங்கபத்திராவில் 19-ஆம் எண் ஷட்டரின் சங்கிலி அறுந்தது. முக்கொம்பு 1830-களில் கட்டியது, மற்ற இரண்டும் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை. மூன்றிலுமே போனது மதகுப் பக்கம்தான்.

அடுத்தது கசிவு. கசியாத அணையே கிடையாது. பெரியாற்றில் உள்ளே கேலரி என்று ஒரு நடைபாதை இருக்கிறது. கசிகிற தண்ணீரை அங்கே ஓடவிட்டு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று அளக்கிறார்கள். நீர்மட்டம் ஏறும்போது கசிவு கொஞ்சம் கூடி, இறங்கும்போது குறைந்தால் கவலை இல்லை. மட்டம் அப்படியே இருக்க, கசிவு மட்டும் கூடினால் கவலைப்பட வேண்டும். மண் கரையில் இன்னொன்றும் உண்டு. கசிவு தெளிவாக வந்தால் சரி, கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம்.

இதை நான் எந்த என்ஜினீயரிடமும் படிக்கவில்லை. என் சித்தப்பா சொல்லிக் கொடுத்தது. சில வருசங்களுக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் எங்கள் கண்மாய் நிறைந்து, உபரிநீர் வழிகிற கழுங்கைத் தட்டி நின்றது. ராத்திரி பதினோரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு கரையின் வெளிச்சரிவில் நடந்தோம். சீமைக்கருவேல் தூர் ஒன்றுக்குக் கீழே நண்டு வளை. அதிலிருந்து சுண்டுவிரல் தடிமனுக்குத் தண்ணீர். சித்தப்பா உள்ளங்கையில் பிடித்து டார்ச்சைக் காட்டினார். கை ரேகை தெரியவில்லை. “கலங்கலா வருதுடா, ஆளைக் கூப்பிடு” என்றார். மடையைத் திறந்து தண்ணீரைக் குறைக்கலாம் என்று போனால் ஷட்டரின் திருகு துருவேறி அசையவே மாட்டேன் என்கிறது. நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பியும் கால்வாசிதான் ஏறியது. விடிய விடிய மணல் மூட்டை அடுக்கினோம்.

2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரிய அணைகளுக்கு மழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு நடக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் எங்கள் கண்மாய்க் கரை போன்றவை, சட்டம் பெரிய அணைக்கு வைத்திருக்கும் உயரக் கணக்குக்குள்ளேயே வராது. வருகிற அணையிலும் எல்லாம் நடந்துவிடுவதில்லை. பெரியாற்றில் பெரிய அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அணையான பேபி அணையைப் பலப்படுத்த 15 மரங்களை வெட்ட 2021 நவம்பரில் கேரளம் அனுமதி கொடுத்தது, சில நாளிலேயே திரும்ப வாங்கிக்கொண்டது. ‘அணை பலமில்லை’ என்று சொல்லிக்கொண்டே பலப்படுத்தும் வேலையைத் தடுப்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பயம் இல்லையா என்று கேட்டீர்கள். வைகை 66 அடியைத் தொட்டு முதல் வெள்ள எச்சரிக்கை விட்டார்கள் என்று செய்தி வந்தால் நாங்கள் சந்தோசம்தான் படுவோம். என் பயமெல்லாம் அந்த மடைத் திருகைப் பற்றித்தான். அன்றைக்கு மழை விட்டதும் மனு எழுதிக் கொடுத்தோம், ஆட்கள் வந்து போட்டோ எடுத்துப் போனார்கள். அதோடு சரி. இப்போதெல்லாம் புரட்டாசி பிறந்ததும் சித்தப்பா டிராக்டருக்கு வாங்கிய கிரீஸ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மடைக்குப் போகிறார். டார்ச் பிடிக்க நான் கூடப் போவேன்.