குடை எதற்கு என்பதுதான் வழக்கு: ஒரு தீர்ப்பை ஆய்வுக் கட்டுரையாக்குவது எப்படி?

கேள்வி: நான் நியூஜெர்சியில் கல்லூரி முதலாண்டு படிக்கிறேன். எழுத்துப் பயிற்சி வகுப்பில், வாக்குரிமை தொடர்பாக அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2013-ஆம் ஆண்டு வழங்கிய ஷெல்பி கவுண்டி தீர்ப்பின் சொல்வன்மையை ஆராய்ந்து ஆறு பக்கம் எழுதச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். "இது சுருக்கம், ஆய்வு எங்கே?" என்று பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார். கட்டுரையை இணைத்திருக்கிறேன். எங்கே தவறினேன்?

பதில்: உங்கள் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் தீர்ப்பிலிருந்து என்று நீங்கள் தந்திருக்கும் நான்கு மேற்கோள்களில் இரண்டு தீர்ப்பிலேயே இல்லை. அதிலிருந்து தொடங்குவோம்.

முதல் மேற்கோள், தீர்ப்பின் முகப்பில் இருக்கும் 'சிலபஸ்' பகுதியிலிருந்து வந்தது. அது நீதிமன்ற அலுவலகம் வாசகர் வசதிக்காகத் தயாரிக்கும் சுருக்கம், நீதிபதிகள் எழுதியதன்று. தீர்ப்பின் பகுதியாக இதைக் கொள்ளக் கூடாது என்று அதன் தலையிலேயே அச்சிட்டிருப்பார்கள். இரண்டாவது, 'இனரீதியான சலுகை நிலைத்துவிட்டது' என்ற பொருளில் நீதிபதி ஸ்கேலியா சொன்னது. அவர் அதைச் சொன்னது 2013 பிப்ரவரி 27 அன்று, வழக்கறிஞர்களின் வாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது. ஜூன் 25 அன்று வெளியான பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். இருவரையும் ஒருவராக்கிவிட்டால், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்ற சொல்வன்மை ஆய்வின் முதல் கேள்வியே குழம்பிவிடும். பக்க எண்ணிலும் எச்சரிக்கை தேவை: தீர்ப்பு முதலில் வெளியாகும் வடிவத்தில் பெரும்பான்மைத் தீர்ப்புக்கும், அதை ஏற்காத நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்புக்கும் பக்க எண்கள் தனித்தனியே ஒன்றிலிருந்து தொடங்கும். 'பக்கம் 5' என்று மட்டும் குறித்தால் எந்த ஐந்து என்று தெரியாது.

இனி ஆய்வுக்கு வருவோம். ஈதோஸ் (பேசுபவரின் நம்பகத்தன்மை), பேதோஸ் (உணர்ச்சி), லோகோஸ் (தருக்கம்) என்று மூன்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் உதாரணங்களை நிரப்பியிருக்கிறீர்கள். வகுப்பில் சொல்லித் தரும் முறைதான். ஆனால் அது பெயர் சூட்டுவதோடு நின்றுவிடுகிறது. நான் மாணவர்களிடம் கேட்கும் கேள்வி வேறு: இரு தரப்பும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கிறார்கள்?

1965-இல் வந்த வாக்குரிமைச் சட்டம், கறுப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விலக்கிவைத்த வரலாறுள்ள பகுதிகள், தேர்தல் விதி எதையும் மாற்றுமுன் வாஷிங்டனின் அனுமதி பெற வேண்டும் என்றது. எந்தப் பகுதிகள் என்பதை முடிவுசெய்யும் அளவுகோலும் அதில் இருந்தது. 2006-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இந்த ஏற்பாட்டை மேலும் 25 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அலபாமா மாநிலத்தின் ஷெல்பி கவுண்டி (மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி) அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்த அளவுகோல் செல்லாது என்றாயிற்று. முன் அனுமதி விதி ஏட்டில் இருக்கிறது. யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் பட்டியல் போய்விட்டது.

ராபர்ட்ஸ் தம் தீர்ப்பில் ஓர் அட்டவணை தருகிறார். மிசிசிப்பியில் 1965-இல் கறுப்பின மக்களில் வாக்காளராகப் பதிவுபெற்றிருந்தவர்கள் 6.7 சதவீதம், நூறு பேரில் ஏழு பேர்கூட இல்லை. 2004-இல் 76.1 சதவீதம், வெள்ளையரைவிடவும் அதிகம். நாடு மாறிவிட்டது என்பது அவர் வாதம். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி கின்ஸ்பர்க் இந்த முன்னேற்றத்தை மறுக்கவில்லை. சட்டத்தின் பயனே அதுதான் என்கிறார். பலனளித்துக்கொண்டிருக்கும் முன் அனுமதியைத் தூக்கி எறிவது, கொட்டும் மழையில் 'நான் நனையவில்லையே' என்று குடையை வீசுவது போன்றது என்ற அவரது புகழ்பெற்ற உவமை அங்கேதான் வருகிறது. உவமையை வினை, பயன், மெய், உரு என்று பிரித்துப் பார்ப்பது நம் இலக்கண மரபு. இது பயன் உவமை: நனையாமல் இருப்பது மழை நின்றதற்குச் சான்றா, குடை வேலை செய்வதற்குச் சான்றா?

குடையைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். இதே தருக்கத்துக்கு ராபர்ட்ஸின் தீர்ப்பிலேயே மறுப்பு இருப்பதைக் கவனித்தீர்களா? ஒரு பகுதியின் நடத்தை எவ்வளவு தூய்மையாக இருந்தாலும், 'சட்டத்துக்கு அஞ்சித்தான் ஒழுங்காக இருக்கிறார்கள்' என்று எப்போதும் சொல்லிவிடலாம்; அப்படியானால் இந்தச் சட்டத்தை யாராலும் பரிசீலிக்கவே முடியாது என்கிறார். குடையின் மொழியில் சொன்னால், அதை மடக்கும் நாள் எது என்று கேட்கிறார். இருவரும் முட்டும் இடம் இதுதான். எண்களில் சண்டை இல்லை. அந்த எண்கள் எதற்குச் சான்று என்பதில்தான் சண்டை.

கின்ஸ்பர்க் உவமையோடு நிற்கவில்லை. ஷெல்பி கவுண்டிக்குள்ளேயே இருக்கும் கலேரா என்ற ஊரை எடுத்துக்காட்டுகிறார். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக இருந்த ஒரே தொகுதியை 2008-இல் அந்நகரம் வரைபடத்திலிருந்து அழிக்கப் பார்த்தது. நீதித்துறை அமைச்சகம் எதிர்த்தும் தேர்தலை நடத்தியது. அத்தொகுதியின் கறுப்பின உறுப்பினர் தோற்றார். அமைச்சகம் முன் அனுமதி விதியின்படி வழக்குத் தொடுத்த பிறகுதான் தொகுதி திரும்பக் கிடைத்தது. வழக்குத் தொடுத்த கவுண்டியிலேயே மழை பெய்துகொண்டிருந்தது என்று காட்ட இதைவிட வலுவான சான்று வேண்டுமா? எத்தனையோ மாணவர் கட்டுரைகளில் குடை இருக்கும்; கலேரா இருக்காது. அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது, ஏனென்றால் வாக்கை இழந்த மனிதர்கள் இருப்பது அந்தப் பத்தியில்தான்.

தேடலைப் பற்றிச் சுருக்கமாக. பொதுத் தேடுபொறியில் தேடியதால்தான் ஒரே மாதிரிக் கட்டுரைகள் வந்தன. கல்லூரி நூலகத் தரவுத்தளத்தில் நல்ல சட்ட இதழ்க் கட்டுரை ஒன்றைப் பிடியுங்கள். அதன் அடிக்குறிப்புகள் வழியே பின்னோக்கிப் போங்கள். பிறகு கூகுள் ஸ்காலரில் அதை மேற்கோள் காட்டியவர்கள் யார் என்று பார்த்து முன்னோக்கிப் போங்கள். ஒவ்வொன்றும் 2013 ஜூனுக்கு முன்பு எழுதப்பட்டதா, பின்பா என்று குறித்துக்கொள்ளுங்கள். நூலகரிடம் அரை மணி நேரம் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள். அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, 'இந்தத் தீர்ப்பில் பல சொல்வன்மை உத்திகள் உள்ளன' என்ற உங்கள் முதல் வாக்கியத்தை அடித்துவிடுங்கள். 'ஒரே முன்னேற்றத்தை ராபர்ட்ஸ் மழை நின்றதற்கும், கின்ஸ்பர்க் குடை காப்பதற்கும் சான்றாக்குகிறார்கள். கலேரா இருப்பதால் கின்ஸ்பர்க்கின் வாசிப்பே நிற்கிறது' என்பதுபோல ஒரு வாக்கியத்தில் தொடங்கிப் பாருங்கள். உங்களுக்கு ராபர்ட்ஸ் பக்கம் நியாயம் தெரிந்தால் அப்படியே எழுதலாம். ஆனால் கலேராவுக்குப் பதில் சொல்லிவிட்டு எழுதுங்கள். திருத்திய கட்டுரையை எனக்கும் அனுப்பிவையுங்கள்.