அழுகையின் மேல் ஏன் பழி?

கேள்வி: அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. அம்மாவுக்கு ஓயாமல் சளி. இப்போது விலாவில் அக்கி வேறு. "அழுது அழுதே உடம்பைக் கெடுத்துக்கொண்டாய், இனி அழாதே" என்று எல்லோரும் சொல்கிறோம். துக்கத்தால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையுமா?
– வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: குறையும். ஆனால் குற்றவாளி அழுகைதான் என்று உங்களுக்கு யார் சொன்னது?

1977இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், துணையை இழந்த 26 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். ஏறக்குறைய இரண்டாவது வாரத்தில் குறிப்பிடும்படி எதுவும் தெரியவில்லை. ஆறாவது வாரத்தில், நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள், ஆய்வகத்தில் தூண்டிவிட்டும் சரிவரப் பெருகாமல் மந்தமாகியிருந்தன. இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை குறையவில்லை; வேலைதான் சுணங்கியிருந்தது.

இந்தக் கணக்கை நம் வீடுகளில் வைத்துப் பாருங்கள். பதினாறாம் நாள் காரியம்வரை கூடத்தில் கால் வைக்க இடமிராது. டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸிலிருந்தும் டோங்காட்டிலிருந்தும் சட்டி சட்டியாகச் சாப்பாடு வரும். பதினேழாம் நாள் இரவல் நாற்காலிகள் திரும்பிப் போகும். பிள்ளைகள் வேலைக்குப் போவார்கள். உங்கள் அம்மாவின் ஆறாவது வாரத்தில் அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? கடிதத்தில் அது இல்லை.

துயரம் நீடித்தால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு தடம் புரளும், தூக்கம் கெடும், பசி போகும். மனச்சோர்வாக முற்றினால் பலருக்கு இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்களும் கூடுகின்றன. துக்கத்தில் மருந்தும் மறந்துபோகலாம்; அம்மாவின் கிழமை போட்ட மாத்திரைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். செவ்வாய், புதன் அறைகளில் மாத்திரை அப்படியே கிடந்தால், அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திதான். (சர்க்கரை நோய் இருந்தால் கேட்கவே வேண்டாம்.)

அக்கியைப் பற்றி ஒன்று. சிறுவயதில் வந்துபோன சின்னம்மைக் கிருமி நரம்பு வேர்களில் ஒளிந்திருந்து, எதிர்ப்பு தளரும்போது எழுந்து வருவதுதான் அது. வயதானாலே வரலாம், துக்கம்தான் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. காவி பூசி அக்கி எழுதுவதால் கிருமி அடங்காது. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பயன். தாமதித்தால் புண் ஆறிய பிறகும் மாதக்கணக்கில் அந்த இடம் எரியக்கூடும்.

அக்கி வந்து எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கடிதம் என் மேசைக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறது. பதில் அச்சாகும்வரை காத்திருக்கவில்லை என்று நம்புகிறேன்.