வாசகர் கேள்வி பதில்: லைட்டொலரின் ‘சண்டவுனர்’

கேள்வி (கல்லடி): டைட்டானிக்கில் தப்பிய அதிகாரி ஒருவர், பிற்காலத்தில் சொந்த மோட்டார் போட்டில் போய் டன்கேர்க் கரையில் படையினரை ஏற்றி வந்தாராம். மகன் சொல்கிறான், நம்பமுடியவில்லை. அந்த போட் இப்போதும் இருக்கிறதா?

பதில்: மகன் சொன்னது சரி. அவர் பெயர் சார்ள்ஸ் லைட்டொலர், டைட்டானிக்கின் இரண்டாம் அதிகாரி. கப்பல் மூழ்கிய இரவு, கவிழ்ந்து கிடந்த ஒரு சிறு படகின் முதுகில் முப்பது பேரளவில் நின்றார்கள். அலைக்கு ஏற்ப எல்லாரையும் ஒரே பக்கமாகச் சாயவைத்து, உதவி வரும்வரை அது தாழாமல் பார்த்துக்கொண்டவர் இவர்தான்.

போட் பிறந்ததும் அதே 1912இல். பிரித்தானியக் கடற்படைக்காக, பெரிய கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சாமானையும் ஏற்றி இறக்கும் சிறிய நீராவிப் படகாகக் கட்டினார்கள். கடற்படை கழித்துவிட்ட அந்த உடலை 1929இல் லைட்டொலர் வாங்கி, நீளத்தைக் கூட்டி 58 அடியாக்கி, நீராவியை எடுத்துவிட்டு பார்சன்ஸ் எஞ்சின் ஒன்றைப் பூட்டினார். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வகை எஞ்சின் அது. நம் கரையில் மண்ணெண்ணெய் எஞ்சின் ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘சண்டவுனர்’ என்று பெயர் வைத்தவர் அவருடைய மனைவி சில்வியா. அதற்குப் பிறகு பத்து வருடம் அது குடும்பப் படகு. 1939 கோடையில் மட்டும், கடற்படை கேட்டுக்கொண்டதால், விடுமுறைக்கு வந்த வயதான தம்பதி மாதிரி இருவரும் ஜேர்மன் கரையோரமாக அதை ஓட்டிக்கொண்டுபோய் வேவு பார்த்து வந்தார்கள்.

1940 மே மாதக் கடைசியில், இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸின் டன்கேர்க் கரையில் ஜேர்மன் படைகளிடம் சிக்கிய படையினரை மீட்கக் கடற்படையிலிருந்து அழைப்பு வந்தது: போட்டை இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கொடுங்கள், எங்கள் ஆட்கள் ஓட்டிப் போவார்கள் என்று. அவர் கொடுக்கவில்லை. போட் போவதென்றால் நானே கொண்டுபோகிறேன் என்று சொல்லிவிட்டார், அப்போது வயது 66. மூத்த மகன் றோஜரையும் 18 வயதுக் கடற்சாரணன் ஒருவனையும் கூட்டிக்கொண்டு ஜூன் 1ஆம் திகதி வெளிக்கிட்டார். போகும் வழியில் தீப்பிடித்து எரிந்த இன்னொரு மோட்டார் போட்டிலிருந்தவர்களையும் ஏற்றிக்கொண்டார். அதுவரை ஒரே நேரத்தில் 21 பேருக்கு மேல் ஏறாத போட்டில் அன்றைக்கு ஏறியது 130 பேரளவில். அறைக்குள் நெருக்கி இருத்தி, அது நிறைந்தபிறகுதான் மேல்தளத்தில் ஏற்றினார், அதுவும் படுக்கவைத்து, ஏனென்றால் மேலே பாரம் கூடினால் போட் புரண்டுவிடும்.

திரும்பி வரும்போது ஜேர்மன் விமானங்கள் விடவில்லை. விமானம் பாய்ந்து வந்து சுடுகிற கடைசிக் கணம்வரை பொறுத்திருந்து அப்போதுதான் சுக்கானைத் திருப்பவேண்டும் என்ற சூட்சுமத்தை அவருக்குச் சொல்லித் தந்தவர் இளைய மகன் பிரையன், வான்படை விமானி. போர் தொடங்கிய உடனேயே அந்தப் பிள்ளை குண்டுவீசப் போன இடத்தில் இறந்துவிட்டான். மகன் உயிரோடிருந்தபோது சொன்ன வார்த்தையை வைத்து ஒரு தகப்பன் நூற்றுச் சொச்சம் பேருடைய பிள்ளைகளைக் கரை சேர்த்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

போருக்குப் பிறகும் அவர் அதை விற்கவில்லை. 1952இல் இறக்கும்வரை அவரிடமே இருந்தது. இப்போது ராம்ஸ்கேட் கடல்சார் அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது.

கேள்வி (கல்முனை): கிரேக்கக் கோடீஸ்வரர் ஒனாசிஸின் உல்லாசக் கப்பல் ‘கிறிஸ்டினா’வும் பழைய போர்க்கப்பல்தானா? அவருக்குப் பிறகு என்ன ஆனது?

பதில்: ஆம். 1943இல் மொன்றியலில் கட்டிய கனேடியக் கடற்படைக் கப்பல் அது, பெயர் ‘ஸ்டோர்மொன்ட்’. 1954இல் இரும்பு விலைக்கு, 34,000 டொலருக்கு வாங்கி, ஏறக்குறைய 40 இலட்சம் டொலர் கொட்டி மாற்றிக் கட்டினார், மகளின் பெயரை வைத்தார். நீச்சல் குளத்தின் அடித்தளத்தை மேலே உயர்த்தினால் அதுவே நடன மேடை. 1975இல் ஒனாசிஸ் இறந்தபின் மகள் அதைக் கிரேக்க அரசுக்குக் கொடுத்துவிட, அங்கே பேரும் மாறி, பராமரிப்பும் குறைந்து, பல வருடம் சும்மா கிடந்து பழுதாகியது. 1998இல் ஒரு தனியாள் வாங்கிய பிறகுதான் ‘கிறிஸ்டினா ஓ’ என்று மறுபடி உயிர் பெற்றது. என் அபிப்பிராயம் இதுதான்: என்னுடையது என்று சொல்ல ஒரு மனிதர் இருக்கும்வரை படகு பிழைக்கும். காசு எவ்வளவு என்பது அடுத்த விஷயம்.

கேள்வி (வாழைச்சேனை): அப்பாவின் பழைய மர போட் வீட்டு வளவில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது. விறகுக்குக் கேட்கிறார்கள். கொடுக்கவா?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். மரத்தை உக்கவைப்பது கடல் நீரைவிட மழைத் தண்ணீர்தான். உப்பு பூஞ்சணத்தை ஓரளவு தடுக்கும், தேங்கி நிற்கும் நல்ல தண்ணீர் அதை வளர்க்கும். ஆகவே மாரிக்கு முன்னால் போட்டை நிலத்திலிருந்து உயர்த்தி, கட்டைகளின் மேல் கொஞ்சம் சரிவாக வையுங்கள், அடியில் தண்ணீர் வடியும் துளையைத் திறந்து விடுங்கள். மேலே கிடுகுக் கொட்டில் போதும். பொலித்தீனால் இறுக்கி மூடவேண்டாம், உள்ளே புழுங்கிக் கெட்டுப்போகும். வெயிலில் விட்டால் பலகை காய்ந்து பொருத்துகள் வாய் பிளக்கும். கத்தியின் நுனியால் பலகைகளைக் குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கும் இடங்களில் சுண்ணாம்புக்கட்டியால் அடையாளமிட்டு, பழைய மேஸ்திரி ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.

அப்புறம் இன்னொன்று. 1930களில் வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, நம் மாலுமிகளே செலுத்த 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது இன்றைக்கும் பேசப்படுவதற்குக் காரணம், அதைப் பற்றி யாரோ எழுதி வைத்ததுதான். அப்பாவின் போட்டை யார் கட்டியது, என்ன மரம், எந்த எஞ்சின், அவருக்கு முன் யாரிடம் இருந்தது என்பதையெல்லாம் அவரோடு தொழிலுக்குப் போனவர்களிடம் இப்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். கடற்றொழில் திணைக்களப் பதிவுப் பத்திரம் வீட்டில் இருந்தால் அதையும் படம் எடுத்து வையுங்கள்.