‘இந்த ஒருவன் மட்டும்’: ஐரோப்பியப் புரட்சிகளும் வன்முறையும் – கேள்வி பதில்

வணக்கம். கல்லூரியில் முப்பது ஆண்டு ஐரோப்பிய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். விடுதலைக்காக எடுத்த ஆயுதம் எப்படித் தீவிரவாதமாக முற்றியது என்பது பற்றிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தவை இரண்டு: 1789 முதல் 1794 வரை பிரான்ஸ், 1861 முதல் 1918 வரை ரஷ்யா. மற்றவற்றுக்கு இரண்டு வரிதான் கிடைக்கும், கோபிக்கக் கூடாது. ஒரே ஒரு வேண்டுகோள்: கேள்வியில் ஆண்டைப் போடுங்கள். பிரெஞ்சுப் புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் நல்லவரா கெட்டவரா என்று மொட்டையாகக் கேட்டால், எந்த ஆண்டு ரோபெஸ்பியர் என்று திருப்பிக் கேட்பேன். ரஷ்யத் தேதிகளை அந்நாட்டுப் பழைய நாட்காட்டிப்படி சொல்கிறேன், 1918 முதல் புதிய நாட்காட்டிப்படி.

திண்ணைவாசி: ரோபெஸ்பியர் மரண தண்டனையை எதிர்த்தவர் என்று எங்கோ படித்தேன். வேறு யாரையோ சொல்கிறார்களா சார்?

அவரேதான். 1791 மே 30 அன்று தேசியப் பேரவையில் எழுந்து, மரண தண்டனையைச் சட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள் என்று பேசினார். மனிதர் தருகிற தீர்ப்பு தவறலாம், போன உயிரைத் திருப்பித் தர முடியாது என்பது அவர் வாதங்களில் ஒன்று. பேரவை கேட்கவில்லை. 1792 ஜனவரியில், விடுதலையைப் பக்கத்து நாடுகளுக்குப் படையோடு கொண்டுபோவோம் என்று பலர் குதித்தபோது, துப்பாக்கியோடு வருகிற போதகரை யாருக்கும் பிடிக்காது என்று எச்சரித்தார். அதையும் யாரும் கேட்கவில்லை. ஏப்ரலில் போர் வந்தது.

போர் வந்தபின் நடந்ததுதான் முக்கியம். பிரஷ்யப் படை பாரீஸை நெருங்குகிறது என்ற பீதியில், 1792 செப்டம்பர் முதல் வாரம் கூட்டம் சிறைகளுக்குள் புகுந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளை வெட்டிப்போட்டார்கள். அதில் பெரும்பாலோர் அரசியலே தெரியாத சில்லறைத் திருடர்கள். டிசம்பரில் மன்னர் பதினாறாம் லூயி மீது விசாரணை. மரண தண்டனை தனக்கு வெறுப்புதான், ஆனால் இந்த ஒருவன் மட்டும் விதிவிலக்கு என்று ரோபெஸ்பியர் பேசினார். ‘இந்த ஒருவன் மட்டும்’ என்ற அந்தச் சொல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

1793 ஜனவரி 21, லூயியின் தலை விழுந்தது. மார்ச்சில் புரட்சி நீதிமன்றம். அதைக் கேட்டு வாதாடிய இன்னொரு புரட்சித் தலைவர் தாந்தோன் சொன்ன காரணம், மக்கள் கொடூரமாக நடந்துகொள்ளாமல் இருக்க நாம் கொடூரமாக இருப்போம் என்பது. செப்டம்பர் படுகொலையைப் பார்த்தவர் சொன்னது, அதனால் அன்று அது நியாயமாகக்கூடப் பட்டிருக்கும். செப்டம்பர் 17ல் சந்தேகப் பேர்வழிகள் சட்டம். எதிரியாக இருப்பவனை மட்டுமில்லை, எதிரியாக இருக்கலாம் என்பவனையும் உள்ளே தள்ளலாம். 1794 ஏப்ரல் 5ல் தாந்தோனின் தலையே அதே நீதிமன்றத்தின் தீர்ப்பில் போனது. ஜூன் 10ல் இன்னொரு சட்டம்: குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் கிடையாது, விடுதலை அல்லது சாவு, நடுவில் ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய பதினான்கு மாதங்களில் பாரீஸில் அந்த நீதிமன்றம் சாய்த்த தலைகளைவிட, பிந்தைய ஏழு வாரங்களில் சாய்த்தவை அதிகம். ஜூலை 28ல் ரோபெஸ்பியருக்கு விசாரணைகூட இல்லை. ஆள் அவர்தான் என்று அடையாளம் பார்த்துவிட்டு நேரே வண்டியில் ஏற்றினார்கள்.

1791ல் பேசியவரும் 1794ல் செத்தவரும் ஒரே மனிதர், நடுவில் மூன்றே ஆண்டு. அதனால்தான் ஆண்டைப் போடுங்கள் என்கிறேன்.

கவின்_07: பாஸ்டில் சிறையில் எத்தனை பேர் இருந்தார்கள்?

1789 ஜூலை 14ல் கூட்டம் அதைப் பிடித்தபோது ஏழு பேர்.

மல்லிகைப்பூ: தலை வெட்டும் இயந்திரமான கில்லட்டினைக் கண்டுபிடித்த டாக்டர் கில்லட்டின் அதிலேயே செத்தாராமே?

இல்லை அம்மா. 1814ல் தன் படுக்கையில் செத்தார். அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. வலியில்லாமல், ஏழை பணக்காரன் பேதமில்லாமல் எல்லாருக்கும் ஒரே மாதிரி சாவு வேண்டும் என்று பேரவையில் கேட்டவர் அவர், அவ்வளவுதான். வடிவமைத்தது அந்துவான் லூயி என்ற இன்னொரு மருத்துவர். செய்து கொடுத்தவர் தொபியாஸ் ஷ்மிட் என்ற ஜெர்மானியர், இசைக்கருவி செய்கிற தச்சர்.

பிளஸ் டூ மாணவி: சார், ‘பயங்கர ஆட்சியின் விளைவுகள்’ 10 மதிப்பெண் வினாவுக்கு விடை வேண்டும்.

மேலே நான் சொன்ன 1793-94தான் அந்தப் பயங்கர ஆட்சி. ஆனால் விடைக்குப் பாடப்புத்தகம், கண்ணு. அதில் இருப்பதை எழுதினால்தான் மதிப்பெண். நான் சொல்வதை எழுதினால் குறைத்துவிடுவார்கள்.

நெல்லை ராசா: லட்சக்கணக்கான பேரை கில்லட்டினில் கொன்றதாகக் காணொளிகளில் சொல்கிறார்களே?

முறையான தீர்ப்பின்படி கொல்லப்பட்டவர்கள் நாடு முழுவதும் சுமார் 17,000. பாரீஸில் மட்டும் சுமார் 2,600. வாந்தே பகுதி உள்நாட்டுப் போரில் மாண்டவர்களின் கணக்கு தனி, அது மிகப் பெரியது. நாந்த் நகரில் கைதிகளைப் படகில் ஏற்றி லுவார் ஆற்றில் மூழ்கடித்ததும் அந்தப் போரின் பகுதிதான். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் யார் எதற்காகச் செத்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

யாழினி: ரஷ்யாவில் ஆளுநரைச் சுட்ட பெண்ணை நீதிமன்றம் விடுதலை செய்ததாமே? ஆண்டு 1878. (போட்டுவிட்டேன்!)

வாழ்க. எனக்குப் பிடித்த வழக்கு இது, கொஞ்சம் நீளும்.

1877 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் நகர ஆளுநர் திரேபவ் சிறையைப் பார்வையிட வந்தார். பகல்யூபவ் என்ற அரசியல் கைதி தன் முன்னால் தொப்பியைக் கழற்றவில்லை என்பதற்காக அவனைப் பிரம்பால் அடிக்கச் சொன்னார். வேரா சசூலிச் அந்தக் கைதியைப் பார்த்ததுகூடக் கிடையாது. செய்தியில் படித்தார். யாராவது கேட்பார்கள் என்று ஆறு மாதம் காத்திருந்தார், யாரும் கேட்கவில்லை. 1878 ஜனவரி 24 காலை, மனு கொடுக்க வந்தவர்களோடு அவரும் வரிசையில் நின்றார். முறை வந்தது. திரேபவ் மனுவை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளிடம் திரும்பினார். சசூலிச் மேலங்கிக்குள்ளிருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டு, அதைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றார். ஓடவில்லை. திரேபவ் காயத்தோடு பிழைத்துக்கொண்டார்.

மார்ச் 31ல் ஜூரி விசாரணை. சக மனிதன்மேல் கை ஓங்குவது பயங்கரமானதுதான், ஆனாலும் செய்தாக வேண்டும் என்று பட்டது என்றார் சசூலிச். சுட்டதை அவர் மறுக்கவே இல்லை. ஜூரி ‘குற்றவாளி அல்ல’ என்றது. அரங்கமே கைதட்டியது.

அதற்குப் பிறகுதான் கதை கெடுகிறது. அதிகாரிகளைத் தாக்கும் வழக்குகளை அரசு ஜூரியிடமிருந்து எடுத்துவிட்டது. ஆகஸ்டில் கிராவ்சின்ஸ்கி என்ற புரட்சியாளர், ஒதேசாவில் தோழர் ஒருவரை அரசு சுட்டுக் கொன்றதற்குப் பழியாக, ரகசியப் போலீஸ் தலைவர் மெசன்த்சவை நடுத்தெருவில் குத்திக் கொன்றார். ஐந்தே நாளில் இத்தகைய வழக்குகள் ராணுவ நீதிமன்றத்துக்குப் போயின. இளைஞர்கள் தூக்கில் தொங்கினார்கள். 1879ல் ‘மக்கள் விருப்பம்’ என்ற புரட்சி அமைப்பு ஜார் இரண்டாம் அலெக்சாந்தருக்கே மரண தண்டனை விதித்தது. ஓர் அடி இவர்கள் வைக்க, அடுத்த அடி அவர்கள் வைக்க, சுமார் இரண்டே ஆண்டில் ஒரு பிரம்படியிலிருந்து இங்கே வந்துவிட்டார்கள்.

கரிசல்: அருமையாகக் கதை சொல்கிறீர்கள். ஆனால் தேர்தல் இல்லை, பத்திரிகை இல்லை, கூட்டம் போட முடியாது. குண்டைத் தவிர வேறு என்ன வழி இருந்தது என்று சொல்லவே இல்லையே? ஜார் பக்கம் சாய்கிறீர்கள்.

சாயவில்லை தம்பி. 1874ல் ஆயிரக்கணக்கான மாணவர்கள் கையில் ஆயுதமே இல்லாமல் கிராமங்களுக்குப் போனார்கள், அரசு பிடித்து உள்ளே போட்டது. கோபத்துக்குக் காரணம் இருந்தது. நான் பார்ப்பது கோபம் எங்கே போய் விழுந்தது என்பதை.

1880 பிப்ரவரி 5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ‘மக்கள் விருப்பம்’ அமைப்புக்காக ஸ்டெபான் ஹல்தூரின் என்ற தச்சர் குளிர்கால அரண்மனையில் வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக டைனமைட்டை உள்ளே கொண்டுவந்து, தான் படுக்கும் நிலவறையில் சேர்த்தார். முதலில் தலையணைக்கு அடியில், அந்த வாடையில் தலைவலி பிளந்தது, பிறகு மரப்பெட்டியில். மேலே இரண்டாவது தளத்தில் ஜாரின் சாப்பாட்டு அறை. நடுத்தளத்தில் காவலர் அறை. விருந்தாளி வரத் தாமதமானதால் ஜார் இன்னும் மேசைக்கு வரவில்லை. நடுத்தளத்தில் இருந்த 11 பேர் செத்தார்கள், ஐம்பதுக்கு மேல் காயம். அந்தச் சிப்பாய்கள் யார்? யாருடைய விடுதலைக்காகக் குண்டு வைத்தார்களோ, அந்தக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும்.

கரிசல்: முதலில், எனக்கு 58 வயது, தம்பி வேண்டாம். இரண்டாவது, 1881ல் ஜாரைக் கொன்றபின் ‘மக்கள் விருப்பம்’ அமைப்பினர் புது ஜாருக்கு எழுதிய கடிதம் என்ன ஆனது? தேர்தல் வை, பொது மன்னிப்பு கொடு, நாங்கள் நிறுத்திவிடுகிறோம் என்று கேட்டார்களே!

மன்னிக்கவும் அண்ணா. கடிதம் உண்மை, 1881 மார்ச் 10. இன்னொன்றும் உங்கள் பக்கம் சேர்த்துத் தருகிறேன். அதே ஆண்டு அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டு இறந்தபோது இவர்கள் கண்டித்து அறிக்கை விட்டார்கள். மக்கள் ஓட்டுப் போடுகிற நாட்டில் அரசியல் கொலை கூடாது என்றார்கள். கோடு எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் 1881 மார்ச் 1 காலையையும் பாருங்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளை ஆலோசனைக்குச் சேர்க்கும் உள்துறை அமைச்சர் லோரிஸ் மெலிக்கவின் திட்டத்துக்கு ஜார் அன்று காலைதான் இசைவு கொடுத்தார். பிற்பகலில் கால்வாய்க் கரையில் முதல் குண்டு விழுந்தது, தெருவில் போன ஒரு சிறுவனும் பலியானான். ஜார் வண்டியை விட்டு இறங்கி வந்தார், இரண்டாவது குண்டு அவரை முடித்தது. மகன் மூன்றாம் அலெக்சாந்தர் திட்டத்தைத் தூக்கி எறிந்தார். ஆகஸ்டில் அவசரச் சட்டம், மூன்றே ஆண்டுக்கு என்றார்கள். 1917 வரை நீட்டித்துக்கொண்டே போனார்கள்.

கரிசல்: அது அரசியலமைப்பே இல்லை, வெறும் ஆலோசனைக் குழு. அதைப் போய்ப் பெரிய வாய்ப்பு என்கிறீர்கள்.

வெறும் ஆலோசனைக் குழுதான், ஒப்புக்கொள்கிறேன். 1789ல் பதினாறாம் லூயி கூட்டியதும் வரி விஷயமாக ஒரு சபையைத்தான். அது எங்கே போய் முடிந்தது என்று மேலே பார்த்தோம்.

தேனீ: நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். கில்லட்டின் டாக்டர் கில்லட்டினில்தானே…

மேலே பாருங்கள். படுக்கை. 1814.

யாழினி: நீங்கள் சொன்ன ‘கோடு’ பற்றி: குழந்தைகள் இருந்ததால் குண்டு வீசாமல் திரும்பியவர் யார்? ஆண்டு 1905.

இவான் கல்யாயெவ். பிப்ரவரி 2, மாஸ்கோ. ஜாரின் சித்தப்பா கோமகன் செர்கேயின் வண்டி வருகிறது, கையில் குண்டு. உள்ளே அவர் மனைவியும் அவருடைய தம்பியின் இரண்டு பிள்ளைகளும். கையைத் தாழ்த்திக்கொண்டார். செய்தது சரியா என்று தோழர்களைக் கேட்டார், சரி என்றார்கள். இரண்டு நாள் கழித்து செர்கே தனியாக வந்தபோது வீசினார். வண்டியோட்டியும் பிறகு அந்தக் காயத்தில் செத்தார். அவரை யாரும் கணக்கில் வைப்பதில்லை.

அடுத்த ஆண்டைப் பாருங்கள். 1906 ஆகஸ்ட் 12, பிரதமர் ஸ்தலீப்பினின் வீடு, பொதுமக்கள் மனு கொடுக்கிற நாள். மூன்று பேர் பெட்டியோடு வந்து குண்டை வெடித்தார்கள். இருபதுக்கு மேல் சாவு, ஸ்தலீப்பினின் மகளும் மகனும் படுகாயம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இது கல்யாயெவின் கட்சியல்ல, அதிலிருந்து ‘நீங்கள் மிதவாதிகள்’ என்று திட்டிவிட்டுப் பிரிந்து போனவர்கள். ஒரே வாரத்தில் அரசு களநீதிமன்றம் அமைத்தது. வழக்கறிஞர் கிடையாது, தீர்ப்பு வந்த 24 மணி நேரத்தில் தூக்கு. பாரீஸ் 1794 ஜூன் ஞாபகம் வருகிறதா? அங்கே புரட்சி செய்ததை இங்கே ஜார் செய்தார்.

கரிசல்: கல்யாயெவ் கையைத் தாழ்த்தியதே என் கட்சிக்குச் சாட்சி. மனசாட்சியோடு போராடியவர்கள் இருந்தார்கள்.

இருந்தார்கள் அண்ணா. அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள். கல்யாயெவ் இருந்த கொலைக் குழுவின் தலைமையில் மிஞ்சியவர் யார் தெரியுமா? யெவ்னோ அசெஃப், போலீஸிடம் சம்பளம் வாங்கிக்கொண்டே கொலைத் திட்டம் போட்டவர். 1908ன் கடைசியில்தான் அகப்பட்டார். மனசாட்சிக்காரன் சீக்கிரம் செத்துப்போகிற தொழில் அது.

ரயில்சிநேகம்: ஸ்பெயின் பாஸ்க் போராளிகள் சர்வாதிகாரி பிராங்கோவை எதிர்த்தவர்கள்தானே?

என் பாடமில்லை, ஆனால் ஆண்டைப் பாருங்கள். பிராங்கோ 1975ல் செத்தார். எட்டா அமைப்பு கொன்ற 800க்கு மேற்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் அதற்குப் பிறகு, தேர்தல் நடக்கிற நாட்டில் கொல்லப்பட்டவர்கள்.

பொன்வண்டு: ரஷ்யக் குண்டுக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வங்கத்தின் ஹேமசந்திர கானுங்கோ பாரீஸுக்குப் போய் ரஷ்யர்களிடம் குண்டு செய்யக் கற்று வந்தார். 1908 ஏப்ரல் 30 முசாபர்பூரில், கிங்ஸ்ஃபோர்டு என்ற நீதிபதிக்கு வைத்த குறி தவறி வேறொரு வண்டியில் விழுந்தது. ஒரு தாயும் மகளும் இறந்தார்கள்.

சங்குமுகம்: கில்லட்டின்…

இல்லை.

கரிசல்: சரி, கடைசிக் கேள்வி. நானும் ஆண்டைப் போடுகிறேன். 1918 சிவப்புப் பயங்கரம்: அதற்கும் உங்கள் சசூலிச்சுக்கும் என்ன சம்பந்தம்?

1918 ஆகஸ்ட் 30ல் பெத்ரோகிராட் (பழைய பீட்டர்ஸ்பர்க்) ரகசியப் போலீஸ் தலைவர் உரீத்ஸ்கி கொல்லப்பட்டார், அன்றே மாஸ்கோவில் லெனின் சுடப்பட்டார். சுட்டதாகப் பிடிபட்ட ஃபன்னி கப்லான், ஜார் ஆட்சியில் ஒரு குண்டு வழக்கில் கடுங்காவல் போனவர். விசாரணை இல்லாமல் நான்கே நாளில் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர் 5ல் சிவப்புப் பயங்கரம், அதாவது எதிரிகளைப் பிடித்துக் கொல்லும் போல்ஷ்விக் (லெனின் கட்சி) அரசின் கொள்கை, ஆணையாகவே வந்தது.

சசூலிச் அப்போது உயிரோடுதான் இருந்தார். 1878ல் விடுதலையானதும் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார். தனிமனிதக் கொலை உதவாது என்று தன்னைப் பின்பற்றியவர்களிடமே வாதாடினார். மார்க்சியரானார், கடைசியில் லெனினின் அக்டோபர் ஆட்சியையும் எதிர்த்தார். 1919 மே மாதம், திரேபவைச் சுட்ட அதே ஊரில் செத்தார். அந்த ஊருக்கு அதற்குள் பெயர் மாறியிருந்தது. ஜூரி முறையைப் போல்ஷ்விக்குகள் வந்த வேகத்திலேயே எடுத்துவிட்டிருந்தார்கள்.