பழைய ஜெட் விமானங்களின் விமானி அறை: சிமுலேட்டர் வாசகர்களுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை. கணினிமயமாகாத காலத்து ஜெட் விமானங்களை வீட்டுக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஆர்வம் நம் பக்கத்தில் இவ்வளவு பேருக்கு இருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் ஆட்-ஆனைப் பற்றி (சிமுலேட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் விமான மென்பொருள்) பலரும் ஒரே முடிவுக்கு வந்து எழுதியிருக்கிறார்கள்: "ஆட்-ஆன் பழுதாகிவிட்டது, அழித்துவிட்டு மறுபடி நிறுவலாமா?" கீழே உள்ள கேள்விகளில் ஒன்றில் மட்டும்தான் மென்பொருளே முட்டுக்கட்டை. மற்றவற்றில் அசல் விமானம் எப்படி நடந்துகொண்டிருக்குமோ அப்படியேதான் ஆட்-ஆனும் நடந்துகொண்டிருக்கிறது, அல்லது கோளாறு கணினிக்கு வெளியே இருக்கிறது. எனவே மறுபடி நிறுவும் முன், அசல் விமானம் இதே நிலையில் என்ன செய்திருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஐயா, போயிங் 737-200 ஆட்-ஆனில் ஸ்டார்ட் லீவரை (என்ஜினுக்கு எரிபொருளைத் திறக்கும் நெம்புகோல்) ஐடில் நிலைக்குக் கொண்டுவந்தாலும் என்ஜின் பற்றுவதே இல்லை. கன்ட்ரோல்-ஈ அழுத்தினால் இரண்டு என்ஜின்களும் ஓடுகின்றன. ஆனால் சிறிது நேரத்தில் மீட்டர்கள் ஒவ்வொன்றாக அணைந்துவிடுகின்றன. (கல்லூரி மாணவர், பாலக்கோடு)

பதில்: தம்பி, முதலில் அந்தக் கன்ட்ரோல்-ஈ பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சிமுலேட்டர் தன் சொந்த விமானங்களுக்காக வைத்திருக்கும் குறுக்குவழி. நுணுக்கமாகச் செய்யப்பட்ட ஆட்-ஆன், மின்சாரம், காற்று, எரிபொருள் ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறது. குறுக்குவழியில் என்ஜின் ஓடத் தொடங்கினாலும், ஜெனரேட்டரை யாரும் இணைக்காததால் விமானம் பேட்டரியிலேயே நிற்கிறது. பேட்டரி தீர்ந்ததும் மீட்டர்கள் அணைகின்றன.

இனி என்ஜினுக்கு வருவோம். 737-200இல் உள்ள ஜேடி8டி என்ஜினைச் சுழற்றுவது மின்மோட்டார் அல்ல, அழுத்தக் காற்று. அந்தக் காற்று வால்பகுதியில் உள்ள சிறிய துணை என்ஜினான ஏபியூவிலிருந்து வருகிறது. ஆகவே பேட்டரியைப் போட்டு ஏபியூவை இயக்கி, அது நிலைபெற்றதும் அதன் ஜெனரேட்டரை இணைத்து, எரிபொருள் பம்புகளைப் போட்டு, தலைக்கு மேலுள்ள பேனலில், ஏபியூவின் காற்றைத் திறந்துவிடும் பிளீட் சுவிட்சையும் போட வேண்டும். அத்துடன் முடியவில்லை. குளிர்சாதனப் பேக்குகள் இரண்டையும் அணைக்க வேண்டும். நீங்கள் தவறவிட்டது இதைத்தான் என்பது என் கணிப்பு, ஏனெனில் நீங்கள் அனுப்பிய படத்தில் இரண்டு பேக் சுவிட்சுகளும் ஆன் நிலையில் தெரிகின்றன. பேக்குகள் ஓடும்போது காற்றெல்லாம் அங்கே போய்விடும், ஸ்டார்ட்டருக்கு மிஞ்சாது.

காற்றுக் குழாயின் அழுத்தத்தைக் காட்டும் டக்ட் பிரஷர் மீட்டரைக் கவனியுங்கள். முள் ஏறத்தாழ 30 பிஎஸ்ஐயில் நின்ற பிறகு ஸ்டார்ட் சுவிட்சைத் தரைநிலைக்குத் திருப்புங்கள். வால்வு திறந்த அந்தக் கணத்தில் முள் சட்டென்று கீழே இறங்கும். அப்படி இறங்கினால் காற்று ஸ்டார்ட்டருக்குப் போகிறது என்று பொருள். முள் அசையவே இல்லையென்றால் ஸ்டார்ட் வால்வு திறக்கவில்லை. என்2 (என்ஜினின் உயர் அழுத்தச் சுழலியின் வேகம்) மெதுவாக ஏறி 20 சதவீதத்தைத் தொடும்போதுதான் ஸ்டார்ட் லீவரை ஐடிலுக்கு உயர்த்த வேண்டும். காற்றே போகாத என்ஜினில் லீவரை எத்தனை முறை உயர்த்தினாலும் பற்றாது. என்2 போதிய அளவு ஏறும் முன்பே உயர்த்தினால், எரிபொருள் பற்றிக்கொண்டாலும் வெப்பத்தை வெளியே தள்ளப் போதிய காற்றோட்டம் இல்லாமல் ஈஜிடி (வெளியேறும் வாயுவின் வெப்பநிலை) முள் சிவப்புக் கோட்டை நோக்கிப் பாயும். அப்போது பதற்றப்படாமல் லீவரை மூடிவிட்டு, ஸ்டார்ட்டரைச் சிறிது நேரம் சுழல விட்டு என்ஜினுக்குள் காற்றை ஓட்டுங்கள். எல்லாம் சரியாக நடந்தால் 35 முதல் 40 சதவீதத்துக்குள் ஸ்டார்ட் சுவிட்ச் தானாகவே விடுபட்டுத் திரும்பும். இரண்டு என்ஜின்களும் ஓடத் தொடங்கியதும் அவற்றின் ஜெனரேட்டர்களை இணைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: 747-200இல் உள்ள ஐஎன்எஸ் என்ற வழிகாட்டும் கருவியில் எங்கள் ஊர் கிருஷ்ணகிரியை ஒரு வழிப்புள்ளியாகப் போட்டேன். விமானம் அணைக்கு மேலே பறக்கும் என்று பார்த்தால், எங்கோ வடகிழக்கே போய்விட்டது. ஆட்-ஆனின் வரைபடம் தவறா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கிருஷ்ணகிரி)

பதில்: இந்தக் கேள்வியை நான் மிகவும் விரும்பிப் படித்தேன், ஐயா. நீங்கள் எழுதிய எண்களிலேயே விடை இருக்கிறது. கைப்பேசி வரைபடத்திலிருந்து எடுத்த 12.52 வடக்கு, 78.21 கிழக்கு என்ற எண்களை அப்படியே தட்டியிருக்கிறீர்கள். கைப்பேசி தருவது பாகையின் தசம பின்னம். இந்தக் கருவி கேட்பதோ பாகையும் கலையும் (பாகையில் அறுபதில் ஒரு பங்கு), கலையில் பத்தில் ஒரு பங்கும். 0.52 பாகையை 60ஆல் பெருக்கினால் 31.2 கலை. ஆகவே நம் ஊர் 12 பாகை 31.2 கலை வடக்கு, 78 பாகை 12.6 கலை கிழக்கு. நீங்கள் தட்டியதைக் கருவி 12 பாகை 52 கலை, 78 பாகை 21 கலை என்று எடுத்துக்கொண்டது. அட்சரேகையில் ஒரு கலை ஒரு கடல் மைல் என்பதால் வடக்கே மட்டும் 20.8 கடல் மைல் பிசகு. கிழக்கே சென்றதையும் சேர்த்தால் 22 கடல் மைலுக்குச் சற்று மேல், அதாவது சுமார் 41 கிலோமீட்டர். உங்கள் 747 குப்பத்துக்கும் வடக்கே போனதில் வியப்பில்லை. பின்னப்பகுதி 60க்கு மேல் இருந்திருந்தால், 60க்கு மேல் கலை கிடையாது என்பதால் பிழை உடனே கண்ணில் பட்டிருக்கும். 52, 21 இரண்டுமே கலையாக இருக்கக்கூடிய எண்கள் என்பதால்தான் அது சந்தடியின்றி உள்ளே நுழைந்துவிட்டது.

தட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். எண்பலகையில் 2, 8, 6, 4 ஆகிய விசைகளிலேயே வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்ற குறிகள் உண்டு. முதல் தட்டல் திசை, அதன் பிறகே எண்கள். எனவே முதலில் 2ஐத் தட்டி, பிறகு 1-2-3-1-2 என்று தட்ட வேண்டும். திசையைத் தட்டாமல் நேரே எண்ணில் தொடங்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது.

விமானம் நிற்கும் இடத்தைப் பதிவு செய்யும்போதும் இதே எச்சரிக்கை தேவை. ஐஎன்எஸ் வெளியிலிருந்து எந்தச் சமிக்ஞையையும் பெறுவதில்லை. புறப்பட்ட இடத்தைச் சொல்லிக்கொடுத்தால், உள்ளிருக்கும் கைரோக்களும் முடுக்கமானிகளும் அளக்கும் அசைவுகளைக் கூட்டிக் கூட்டித் தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்கிறது. தொடக்கத்தில் தவறு இருந்தால் அது பயணம் முழுவதும் கூடவே வரும். அலைன் நிலையில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் விமானத்தை அசைக்காமல் வைத்திருக்கவும் வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதைக் கைரோ உணர்ந்துதான் வடக்கு எது என்று கண்டுகொள்கிறது. அந்த நேரத்தில் புஷ்பேக் செய்தால் (விமானத்தைப் பின்னோக்கித் தள்ளினால்) எந்த அசைவு பூமியுடையது, எந்த அசைவு விமானத்துடையது என்று அதற்குப் பிரித்தறிய முடியாது. தயார் விளக்கு எரிந்து, குமிழை நேவ் நிலைக்குத் திருப்பிய பிறகே சக்கரம் நகரலாம். ஒரே நேரத்தில் 9 வழிப்புள்ளிகளை மட்டுமே அது நினைவில் வைத்திருக்கும் என்பதால், நீண்ட பயணத்தில் கடந்துவிட்ட புள்ளிகளின் இடத்தில் புதியவற்றைப் பறந்துகொண்டே நிரப்ப வேண்டும்.

கேள்வி: எஃப்எஸ்எக்ஸ் சிமுலேட்டருக்காக வாங்கிய பழைய ஆட்-ஆனை மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020இல் நகலெடுத்துப் போட்டேன். விமானம் வெளியே தெரிகிறது, உள்ளே மீட்டர்கள் இருக்கும் இடமெல்லாம் கறுப்பாக இருக்கிறது. (ஊத்தங்கரை)

பதில்: இது தீராது. 2006இல் வந்த எஃப்எஸ்எக்ஸ் 32-பிட் செயலி, அதன் மீட்டர்களும் 32-பிட் நிரல்களாகத் தொகுக்கப்பட்டவை. 2020 சிமுலேட்டரோ 64-பிட் செயலி, அதற்குள் அவை ஏறவே ஏறாது. பழைய சிமுலேட்டரைக் கணினியில் தனியே வைத்துக்கொண்டு அதிலேயே ஓட்டுங்கள். அப்படி வைக்கும்போது புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்கு வெளியே நிறுவினால் விண்டோஸின் அனுமதித் தொல்லைகளும் குறையும்.

கேள்வி: நானே செய்த திராட்டில் குவாட்ரன்டில் (என்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் லீவர்ப் பெட்டி) லீவரைத் தொடாமலேயே, என்ஜின் விசையைக் காட்டும் ஈபிஆர் முள் ஆடிக்கொண்டே இருக்கிறது. பாதி தூரம் வரை லீவர் எதுவும் செய்யாமல், அதன் பிறகு ஒரேயடியாகச் சீறுகிறது. (பர்கூர்)

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டாவதை முதலில் பார்ப்போம். லீவரின் அசைவை மின்னழுத்தமாக மாற்றும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள். ஏ10கே என்றிருந்தால் அது ஒலிப்பெருக்கிகளுக்கான மடக்கை வகை. நமக்கு வேண்டியது பி10கே என்று அச்சிட்ட நேரியல் வகை. பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இரண்டும் ஒரே விலைக்கு, ஒரே டப்பாவில் கலந்து கிடக்கும். கேட்டு வாங்கினாலும் அச்சைப் படித்துவிட்டே பணம் கொடுங்கள்.

முள் ஆடுவதற்கு ஒரு சிறிய சோதனை செய்யுங்கள். குவாட்ரன்டை ஒரு மடிக்கணினியில் இணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் காரணம் வீட்டு மின்சாரம். பல வீடுகளில் சுவரில் மூன்று துளை பிளக் இருந்தாலும் அதன் பின்னே எர்த் கம்பி இருப்பதில்லை. கணினியின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் விரல் லேசாகச் சுர்ரென்று உணரும். அப்படியிருந்தால் சிமுலேட்டருக்காக மட்டுமன்றி வீட்டிலிருப்பவர்களின் உயிருக்காகவும் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

மடிக்கணினியிலும் ஆட்டம் தொடர்ந்தால் பொட்டென்ஷியோமீட்டருக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தனி அடாப்டரிலிருந்து கொடுத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு, குவாட்ரன்டைக் கணினியோடு இணைக்கும் ஆர்டுயினோ பலகையின் 5 வோல்ட்டிலிருந்தே கொடுங்கள். அளக்கும் கருவியும் அளக்கப்படும் மின்னழுத்தமும் ஒரே மூலத்திலிருந்து வந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும், விகிதம் மாறாது. நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைப்பதும் நல்லது. இவையெல்லாம் செய்த பிறகும் ஆடினால் பொட்டென்ஷியோமீட்டருக்குள் தூசி. கிரானைட் அறுக்கும் பட்டறைகள் அருகில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த மாவு மிக நைசானது. கான்டாக்ட் கிளீனரை அடித்து இருபது முப்பது முறை லீவரை முழுத் தூரத்துக்கும் ஓட்டுங்கள், பிறகு மூடி ஒன்று செய்து போடுங்கள்.

கேள்வி: போயிங் 727இல் மூன்று என்ஜின்களும் ஓடுகின்றன. ஒரு ஜெனரேட்டர் இணைகிறது, அடுத்ததை இணைத்தால் உடனே டிரிப் ஆகிறது. (பாலிடெக்னிக் மாணவர், ஓசூர்)

பதில்: 1963இல் முதன்முதலாகப் பறந்த 727இல் ஃப்ளைட் என்ஜினியர் என்ற மூன்றாமவருக்குத் தனிப் பேனலே இருந்தது, அவர் செய்த வேலையைத்தான் இப்போது நீங்கள் செய்ய வேண்டும். மூன்று ஜெனரேட்டர்களும் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தைத் தந்து இணையாக ஓடுபவை. எலக்ட்ரிகல் ஆய்வகத்தில் ஆல்டர்னேட்டர்களை டார்க் லாம்ப் முறையில் சிங்க்ரனைஸ் செய்திருப்பீர்கள். இங்கேயும் அதே முறைதான். மீட்டர் தேர்வுக் குமிழை இரண்டாவது ஜெனரேட்டருக்குத் திருப்பி, மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் சரிபாருங்கள். பேனலில் உள்ள சிங்க் விளக்குகள் மின்னிக்கொண்டிருக்கும். அதிர்வெண் குமிழை மிக மெல்லத் திருப்பினால் மின்னுவது நிதானமாகும், எரிந்து அணைய ஒன்றிரண்டு நொடி எடுக்கும் அளவுக்கு. விளக்குகள் முழுவதும் அணைந்திருக்கும் அந்தக் கணத்தில்தான் ஜெனரேட்டரை இணைக்கும் பிரேக்கரை மூட வேண்டும். இரு பக்கமும் ஒரே ஃபேஸில் இருப்பதால்தான் விளக்குக்குக் குறுக்கே மின்னழுத்த வேறுபாடு இல்லாமல் அது அணைகிறது. எரியும்போது மூடினால் ஃபேஸ் மாறி மோதிக்கொண்டு பாதுகாப்பு அமைப்பு டிரிப் செய்யும். இந்த விமானத்தின் ஏபியூ தரையில் மட்டுமே இயங்கும் என்பதால், வானில் அதை நம்பியிருக்கவும் முடியாது.

கேள்வி: சென்னையில் ஓடுபாதையில் நிற்கும்போதே உயரமானி 200 அடிக்கு அருகில் காட்டுகிறது. (அரூர்)

பதில்: அன்றைய கியூஎன்எச் (கடல் மட்டக் காற்றழுத்தம்) 1008 என்று எழுதியிருக்கிறீர்கள், உயரமானியோ 29.92 பாதரச அங்குலத்தில் நிற்கிறது. 1008 ஹெக்டோபாஸ்கல் என்பது 29.77 அங்குலம். அந்த வேறுபாடு சுமார் 140 அடி, அத்துடன் சென்னை ஓடுபாதையின் உயரமான 50 அடியளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பி விசையை அழுத்திச் சரிசெய்தாலும் பல ஆட்-ஆன்களில் இடப்பக்க உயரமானி மட்டுமே மாறும். துணைவிமானியின் உயரமானியைக் கையால் திருப்பி வையுங்கள்.

கேள்வி: மின்தடை வந்ததும் இன்வெர்ட்டர் இருந்தும் கணினி அணைந்துவிடுகிறது. சேமித்த பயணத்தைத் திறந்தால் என்ஜின்கள் ஓடுகின்றன, ஆனால் பேனல் முழுவதும் அணைந்து கிடக்கிறது. (பென்னாகரம்)

பதில்: இன்வெர்ட்டரின் பின்புறம் யூபிஎஸ், நார்மல் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். நார்மல் நிலையில் மின்சாரம் மாறும் இடைவெளி விளக்குக்கும் விசிறிக்கும் போதும், கணினிக்குப் போதாது. சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால், ஆக்டிவ் பிஎஃப்சி வகை பவர் சப்ளை அப்போதும் அணையக்கூடும். கணினிக்கு மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்குவதே நல்லது, சேமித்துவிட்டு அணைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் போதும். பேனலைப் பொறுத்தவரை, சிமுலேட்டர் சேமிப்பது விமானத்தின் இடம், வேகம், எரிபொருள் போன்றவற்றை. சுவிட்சுகளின் நிலையைப் பல பழைய ஆட்-ஆன்கள் தனிக் கோப்பில் வைக்கின்றன. உங்கள் ஆட்-ஆனின் கையேட்டில் பேனல் நிலையைச் சேமிக்கும் கட்டளை எது என்று தேடி, ஒவ்வொரு முறையும் இரண்டையும் ஒரே பெயரில் சேமியுங்கள்.