ராத்திரி குடித்தது, காலையில் பிடித்தது

கேள்வி: என் கணவர் ஒரு விருந்தில் நள்ளிரவு வரை குடித்தார். வீட்டுக்கு வாடகை காரில்தான் வந்தார். தூங்கி எழுந்து குளித்துவிட்டு, காலை ஏழு மணிக்கு மகளைப் பள்ளியில் விடக் கிளம்பினார். வழியில் நிறுத்தி ஊதச் சொல்லியிருக்கிறார்கள். அளவு கூடுதல் என்று கேஸ் போட்டு, லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்திவிட்டார்கள். "நான் நிதானமாத்தான் இருந்தேன், மெஷின்தான் கோளாறு" என்கிறார். இப்போதும் "இங்க பக்கத்துலதானே" என்று காரை எடுத்துக்கொண்டு போகிறார். கார் என் பெயரில் இருக்கிறது. சாவியை ஒளித்து வைத்தால் சண்டை. நான் என்ன செய்வது?

பதில்: கார் உங்கள் பெயரில் இருப்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். ஓட்டத் தகுதியில்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் உரிமையாளர் மீதும் குற்றம் வரும் என்பது பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 180ஆம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. ஆக, இது அவருடைய கேஸ் மட்டும் இல்லை, நாளைக்கு உங்களுடையதாகவும் ஆகலாம். சாவியை ஒளிக்க வேண்டாம். "என் பேர்ல இருக்கிற வண்டி, லைசென்ஸ் திரும்பி வர்ற வரைக்கும் சாவி என்கிட்டதான் இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒளித்தால் திருட்டுத்தனம் போலத் தெரியும், சண்டையும் அதைப் பற்றியே நடக்கும்.

சரி, மெஷின் விஷயம். அவர் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே தெளிவாக இருந்ததாகத்தான் அவருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் அளவு தாண்டிவிட்டால் பெரும்பாலான நாடுகளின் சட்டம் நிதானத்தைப் பற்றிக் கேட்பதில்லை. ரத்தத்தில் எவ்வளவு என்று மட்டும்தான் பார்க்கிறது. தூக்கம் களைப்பைப் போக்கும், ரத்தத்தில் இருக்கும் மதுவை விரட்டாது. அது கல்லீரலின் வேலை. கல்லீரலோ யாருக்காகவும் அவசரப்படாது. 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறையும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். குளியலோ காபியோ அதை வேகப்படுத்தாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் ஒருவர் ரத்தத்தில் 150 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு மணி நேரத்தில் 105 கழிந்தால் மிச்சம் 45. இந்தியாவில் வரம்பு 30, மாட்டிக்கொள்வார். ஸ்வீடனில் 20, அங்கேயும் தப்ப முடியாது. ஸ்காட்லாந்தில் 50, மயிரிழையில் தப்புவார். இங்கிலாந்தில் 80, போகலாம் என்று விட்டுவிடுவார்கள். அதே ஆள், அதே ரத்தம்! நியாயமா என்று கேட்டால், கோடு எங்கே போட்டாலும் யாராவது ஒருவர் அதன்மேல் நிற்கத்தான் செய்வார். நம்மைக் கட்டுப்படுத்துவது நாம் ஓட்டுகிற ஊரின் கோடு.

மெஷின் தப்பே செய்யாதா என்றால், செய்யும். வாய் கொப்பளிக்கும் திரவங்கள் சிலவற்றில் மது இருக்கிறது. கொப்பளித்த கையோடு ஊதினால் சில நிமிடங்களுக்கு அளவு எகிறிக் காட்டும். அதனால்தான் முறையாகச் சோதிப்பவர்கள் கால் மணி நேரம் காக்கவைத்து மறுபடி ஊதச் சொல்கிறார்கள். உங்கள் கணவருக்கு அப்படி நடந்ததா, கருவியை எப்போது சரிபார்த்தார்கள், ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்பதையெல்லாம் வக்கீல் மூலமாகக் கேட்கலாம். ஆனால் மேல்முறையீட்டுக்குக் கெடு இருக்கும். வீட்டுக்குள் உங்களிடம் வாதாடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கெடு ஓடிக்கொண்டிருக்கும். "ஊத மாட்டேன்னு சொல்லியிருக்கணும்" என்று யோசனை சொல்லும் நண்பர்களும் வருவார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் தக்க காரணமின்றி மறுப்பதே தனிக் குற்றம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் மறுத்ததற்காகவே லைசென்ஸ் போகும்.

"பக்கத்துலதானே" என்கிறாரே, அதுதான் எனக்குப் பயம். தடைக்காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் பழைய கேஸ் சின்னதாகத் தெரியும். இங்கிலாந்தில் இதற்கு ஆறு மாதம்வரை சிறை உண்டு. அப்புறம் யார் மீதாவது இடித்துவிட்டால்? காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கலாம், இல்லை நஷ்ட ஈட்டைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க வரலாம்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். இது ஒரு நாள் விருந்தா, தினசரி வழக்கமா? காலை ஏழு மணிவரை மிச்சமிருந்தால் ராத்திரி உள்ளே போனது கொஞ்சநஞ்சமில்லை. தினமும் என்றால் டாக்டரைப் பாருங்கள். "இன்னைக்கே நிறுத்து" என்று மட்டும் கெடுபிடி செய்யாதீர்கள். நாள்பட அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் பார்வையில் படிப்படியாக நிறுத்த வேண்டிய விஷயம் அது.

மகளின் பள்ளிக்கு இந்த ஆறு மாதத்துக்கு வேறு ஏற்பாட்டை இருவருமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்தப் பேச்சில் குத்திக்காட்டல் வேண்டாம், அவமானம் அவருக்கு ஏற்கெனவே நிறைய இருக்கும். உத்தரவுத் தாளை எடுத்துத் தடை முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வந்ததும் லைசென்ஸ் தானாக உயிர்பெற்றுவிடும் என்று இருந்துவிடாதீர்கள். சில இடங்களில் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், சில இடங்களில் ஓட்டிக் காட்டித் தேர்வே எழுத வேண்டும். அலுவலகத்தில் கேட்டு, லைசென்ஸைக் கையில் வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.