கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது? சுங்கை சிப்புட்டிலிருந்து கேள்வி பதில்

மலேசியாவில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன் நான். உதவி செய்வது பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செம்பனைத் தோட்டத் தொழிலாளி: ஐயா, சம்பளம் மாசக் கடைசி வரை நிற்பதில்லை. நான் யாருக்கு என்ன செய்ய?

தம்பி, தொகை பெரிதில்லை. கனடாவில் ஆய்வாளர்கள் சிலருக்குக் காலையில் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, பாதிப்பேரைத் தங்களுக்கும் மீதிப்பேரைப் பிறருக்கும் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் பிறருக்குச் செலவழித்தவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். 5, 20 என்ற வித்தியாசம் அதை மாற்றவில்லை. 2008இல் வந்த ஆய்வு இது. உங்கள் மோட்டார் சைக்கிளில் பின் சீட்டு காலியாகத்தானே போகிறது? பஸ் ஸ்டாப் வரை யாரையாவது ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியை: வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷம். பிள்ளைகள் கோலாலம்பூரில். பகலெல்லாம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், தம்பி.

அக்கா, என் மனைவி போன பிறகு நானும் அப்படித்தான் இருந்தேன். அப்புறம் எதிர் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) பாட்டிக்கு வியாழன்தோறும் பிரஷர் பார்க்க ஆரம்பித்தேன். பத்து நிமிட வேலை. பட்டையைச் சுற்றும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். கத்தி பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கையை மெல்ல விரிப்பார். கிளம்பும்போது வாழைநாரில் கட்டிய முருங்கைக்கீரை தயாராக இருக்கும். சில வாரத்தில் நான் புதன் இரவே சட்டையைத் தேய்த்து வைக்கத் தொடங்கியிருந்தேன். அதற்கு முன் எனக்குக் கிழமையே தெரியாது.

அமெரிக்காவில் வயதான தம்பதியர் 423 ஜோடிகளை ஐந்து ஆண்டுகள் கவனித்து, 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பிறருக்கு உதவியவர்களிடையே இறப்பு குறைவு. உதவி பெற்றவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுங்கள் அக்கா. நாள் குறித்துச் செய்வது முக்கியம்.

ஒரு தங்கை: பக்கத்து வீட்டார் தினமும் ஏதாவது கேட்கிறார்கள். நன்றிகூடச் சொல்வதில்லை. மனசு கசக்கிறது.

அப்படியானால் நிறுத்துங்கள், தங்கச்சி. மனசார விரும்பிச் செய்தால்தான் செய்கிறவருக்கு நல்லது. "இன்றைக்கு முடியாது" என்று தாராளமாகச் சொல்லலாம்.

இன்னொருவர்: தெருப்பூனைக்குச் சோறு வைப்பதும் உதவியில் சேருமா?

சேரும்.

மண்டோர் (தோட்டத்தில் ஆட்களை மேற்பார்ப்பவர்) ஒருவர்: இப்போது ஆட்களில் பாதிப்பேர் வங்காளதேசிகள். பாஷை தெரியாமல் என்ன செய்ய?

நம் தாத்தா பாட்டிகள் ரஜூலா கப்பலில் வந்து இறங்கியபோது இந்த ஊர்ப் பாஷை அவர்களுக்கு மட்டும் தெரியுமா, ஐயா? நாம் "பசியாறியாச்சா?" என்று கேட்போமே, அதையே மலாயில் கேளுங்கள்: "சுடா மாக்கான்?" அது அவர்களுக்குப் புரியும். நாளைக் காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) ஒருவரிடம் கேட்டுவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.